உடம்பைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்பினால்...

"ஏம்மா, இந்த நேரத்துல எதுக்கு இவ்வளவு சிரமப்படறே? வீட்ல நிம்மதியா ரெஸ்ட் எடு. குழந்தை பிறந்து கொஞ்சம் பெரிசானதும் ஒரு போன் பண்ணு, பார்த்துக்கலாம்..."

மேனேஜர் இப்படிச் சொல்லும்போது கேட்க அக்கறையாகத்தான் இருக்கும். நம் அப்பா, அண்ணன் பேசுவது போலவே இருக்கும். பேச்சோடு பேச்சாக மேஜையில் ஒரு தாள் நகர்ந்து வரும். 'சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று இரண்டே வரி. பல இடங்களில் அவர்களே டைப் செய்து தயாராக வைத்திருப்பார்கள். அதில் நீங்கள் கையெழுத்துப் போடுகிற அந்த ஒரு நிமிஷத்தில், சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்பில் பெரும்பகுதி கைநழுவிப் போய்விடுகிறது!

கர்ப்பிணிகளுக்கு மட்டும் நடப்பதல்ல இது. விபத்தில் கால் அடிபட்டவர், எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தவர், மனநல மருத்துவரிடம் மாத்திரை வாங்குபவர், பக்கவாதம் வந்து தேறியவர் என்று பலருக்கும் இந்தத் தாள் நீட்டப்படுகிறது. 'நீ கர்ப்பமாக இருக்கிறாய், அதனால் வெளியே போ' என்று எந்த முதலாளியும் எழுத்தில் தருவதில்லை. எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் நம்மையே எழுதச் சொல்கிறார்கள்.

எனவே முதல் விஷயம், அந்த இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சண்டை போட வேண்டாம், அழவும் வேண்டாம். "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்று எழுந்து வந்துவிடுங்கள். எவ்வளவு வற்புறுத்தினாலும் இந்த ஒரு பதில் போதும்.

'ஐயோ, நான் ஏற்கெனவே போட்டுக் கொடுத்துட்டேனே' என்கிறீர்களா? அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே ஒரு கடிதம் எழுதுங்கள். இன்ன தேதியில், இன்னார் அறையில், வற்புறுத்தலின் பேரில் கையெழுத்திட்டேன். அந்த ராஜினாமாவை வாபஸ் வாங்குகிறேன். வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். இவ்வளவுதான் விஷயம். ஈமெயிலில் ஒன்று, ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்று அனுப்புங்கள். (பழைய ரிஜிஸ்டர் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது.) தபால் ஆபீசில் கொடுக்கும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பொதுவாக ராஜினாமா அமலுக்கு வரும் முன் அதை வாபஸ் வாங்க உரிமை உண்டு. பத்து நாள் யோசித்துவிட்டு எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

தாய்மைக்குச் சட்டம் என்ன தருகிறது?

1961-ல் வந்த மகப்பேறு பலன்கள் சட்டத்தைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறியதே தவிர, பெண்களுக்கான உரிமைகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. பழைய சட்டம் போயே போய்விட்டது, இப்போது ஒன்றும் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிரசவ தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும், சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு. அதில் பிரசவத்துக்கு முன்பாக அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். குழந்தையைத் தத்தெடுத்தாலும் 12 வாரம். கருச்சிதைவு ஆனால் 6 வாரம். கருச்சிதைவைப் பற்றி ஆபீசில் சொல்லக் கூச்சப்பட்டு, மூன்றாம் நாளே வேலைக்குப் போய் உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் பெண்கள் நம் ஊரில் ரொம்ப அதிகம். அந்த 6 வாரம் சம்பளத்தோடு உங்களுடையது. டாக்டர் சான்றிதழ் ஒன்று மட்டும் வேண்டும்.

தொழிற்சாலை, தோட்டம் என்றால் எத்தனை பேர் வேலை பார்த்தாலும் இது பொருந்தும். கடை, நிறுவனம் என்றால் பத்துப் பேர் இருக்க வேண்டும். நீங்கள் ஈ.எஸ்.ஐ.-யில் இருந்தால் பணத்தை முதலாளி தரமாட்டார், ஈ.எஸ்.ஐ. தரும். வீட்டு வேலை செய்பவர்கள், சின்னக் கடையில் இருப்பவர்கள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள கர்ப்பிணிகள் தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளலாம்.

"நான் பெர்மனென்ட் இல்லையே, எனக்குமா?" என்ற சந்தேகம் நிறையப் பேருக்கு. உங்களுக்கும்தான்! டெல்லி மாநகராட்சியில் தினக்கூலிக்கு ரோடு வேலை பார்த்த பெண்களுக்கும் மகப்பேறு பலன் உண்டு என்று 2000-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 2023-ல் இன்னொரு வழக்கில், கான்ட்ராக்ட் காலம் முடிந்துவிட்டது என்பதற்காக மீதி மகப்பேறு பலனை நிறுத்தக் கூடாது என்றது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை, விடுப்பில் இருப்பதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவது சட்ட விரோதம். அந்தச் சமயத்தில் அவருக்குப் பாதகமாக வேலை நிபந்தனைகளை மாற்றுவதும் அப்படியே. நீக்கினாலும் மகப்பேறுப் பணத்தைத் தந்தே ஆக வேண்டும், அவர் பெரிய ஒழுங்கீனம் செய்திருந்தால் தவிர. நீக்கிய உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளைக்குள் அதிகாரியிடம் அப்பீல் செய்ய வேண்டும். இந்த 60-ஐக் காலண்டரில் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். 'குழந்தைக்கு மூணு மாசம் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று அம்மா வீட்டில் இருந்துவிட்டால் கெடு தாண்டிவிடும். நீங்கள் போக முடியாவிட்டால் கணவரையோ, தம்பியையோ கூட்டிக்கொண்டு வக்கீலிடமாவது பேசிவிடுங்கள்.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் இந்த இடத்துக்கு வந்து சேர நீண்ட காலம் ஆயிற்று. ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண் முதல் முறை கர்ப்பமானாலே வேலை போய்விடும் என்று ஒரு விதி இருந்தது. 1981-ல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. ஆனால் வேலையில் சேர்ந்து நான்கு வருஷம் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்ற விதியை அதே தீர்ப்பு சரி என்று விட்டுவிட்டது! அதற்குப் பத்து வருஷம் கழித்து, பொதுத்துறை இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஒன்றில் சேர்ந்த பெண்ணின் வழக்கு வந்தது. தகுதிகாண் காலத்தில் பிரசவ விடுப்பு எடுத்தவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். 'வேலையில் சேரும்போது கொடுத்த படிவத்தில் உண்மையை மறைத்தார்' என்று காரணம் சொன்னார்கள். அது என்ன படிவம் தெரியுமா? கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி என்ன, ஒழுங்காக வருகிறதா, எத்தனை முறை கர்ப்பம் என்றெல்லாம் கேட்ட படிவம். இதை ஒரு பெண்ணிடம் கேட்பதே அவமானம் என்று சொன்ன நீதிபதிகள், அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கவும், அந்தக் கேள்விகளை நீக்கவும் சொன்னார்கள்.

இன்றும் இன்டர்வியூவில் "கல்யாணம் ஆகிடுச்சா? குழந்தை எப்போ பிளான்?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் தொழிற்சாலையில், கல்யாணமான பெண்களைச் சேர்ப்பதில்லை என்று செய்தி வந்து, மத்திய அரசே மாநில அரசிடம் அறிக்கை கேட்டது நினைவிருக்கலாம். ஆளெடுப்பதில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. ஆனால் நிரூபிப்பது கஷ்டம் என்பதுதான் உண்மை. 26 வாரச் சம்பளத்தை முழுக்க முதலாளி தலையில் வைத்ததால்தான் பெண்களைச் சேர்க்கவே சிலர் தயங்குகிறார்கள் என்ற பேச்சும் உண்டு. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அரசு அந்தச் செலவில் பங்கு போட்டுக்கொண்டால் நல்லது.

டாக்டர் சீட்டில் என்ன எழுத வேண்டும்?

ஒரு காகிதம் உங்கள் வேலையைக் காப்பாற்றவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். அது மருத்துவச் சான்றிதழ். நாம் டாக்டரிடம் போய், "டாக்டர், ஆபீஸ்ல லீவு வேணும், ஒரு லெட்டர் குடுங்க" என்கிறோம். அவரும் 'முழு ஓய்வு தேவை' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். அதையே நிர்வாகம், 'உங்கள் டாக்டரே நீங்கள் வேலைக்கு லாயக்கில்லை என்று சொல்லிவிட்டாரே' என்று திருப்பிவிடும்!

அதனால், எதைச் செய்ய முடியாது என்பதோடு எதைச் செய்ய முடியும் என்பதையும் எழுதித் தரும்படி கேளுங்கள். 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை நின்றுகொண்டு செய்யும் வேலையும் கனமான பொருள் தூக்குவதும் கூடாது. உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் தகுதியானவர்.' இப்படி இருந்தால் அது உங்கள் பக்கம் பேசும் சாட்சி. பிரசவ தேதிக்கு முந்தைய கடைசி பத்து வாரங்களில், நீங்கள் கேட்டுக்கொண்டால், சிரமமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தரக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதற்காகச் சம்பளத்தைக் குறைக்கவும் கூடாது. கேட்டுக்கொண்டால் என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும். ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன்: உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. கர்ப்பிணி, கர்ப்பிணி அல்லாதவர் எல்லாருக்கும்தான்.

கடிதத்தில் வியாதியின் முழு விவரமும் இருக்க வேண்டிய அவசியமில்லை. குறிப்பாக மனநல சிகிச்சை. அந்தத் தகவலை ரகசியமாக வைத்திருக்க 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது.

எச்.ஐ.வி. இருந்தால்...

மும்பையில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கூலியாக வேலை பார்த்த ஒருவருக்கு, நிரந்தரமாக்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். எச்.ஐ.வி. இருந்தது. மற்றபடி நல்ல திடகாத்திரமான ஆள். வேலையை நிறுத்திவிட்டார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். பெயர் வெளியே தெரிந்தால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும் என்பதால், எழுத்துக்களை மட்டும் பெயராக வைத்து வழக்கு நடத்த அனுமதித்தார்கள். வேலை செய்யத் தகுதியுள்ளவரை, அடுத்தவருக்கு ஆபத்தாகவும் இல்லாதவரை, எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக மட்டும் நிறுத்த முடியாது என்று 1997-ல் மும்பை ஹைகோர்ட் தீர்ப்பளித்தது.

அது அரசு சார்ந்த நிறுவனம். இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் அரசியல் சட்டத்தில் சமத்துவம் பேசும் 14, 16-வது பிரிவுகள் அரசைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் முதலாளியை அந்தப் பிரிவைச் சொல்லி நேரடியாகக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. தனியாருக்கு என்று தனியாக ஒரு சட்டம் இருந்தால்தான் பிடி கிடைக்கும். எச்.ஐ.வி. விஷயத்தில் 2018 செப்டம்பர் 10 முதல் அந்தப் பிடி கிடைத்துவிட்டது.

அதன்படி, வேலை தருவதற்கு எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது, அரசோ தனியாரோ. எச்.ஐ.வி.யைக் காரணமாக்கி நீக்க வேண்டுமானால், இவரால் பிறருக்குக் கணிசமான ஆபத்து உண்டு அல்லது இவர் வேலைக்குத் தகுதியில்லை என்று தகுதியுள்ள, நிர்வாகத்தைச் சாராத மருத்துவர் எழுத்தில் தர வேண்டும். மாற்று ஏற்பாடு செய்ய முடியாதபடி தனக்கு என்ன கஷ்டம் என்று நிர்வாகமும் எழுத்தில் தர வேண்டும். ஒரே மேஜையில் சாப்பிடுவதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ எச்.ஐ.வி. தொற்றாது என்பது இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்குத் தெரியும். நூறு பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் புகார் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், மருத்துவமனை என்றால் இருபது பேர் இருந்தாலே. புகார் மத்தியஸ்தராக மாநில அரசு நியமிக்கும் அதிகாரி பாகுபாடு தொடர்பான புகார்களை விசாரிப்பார். சிகிச்சை போன்ற சுகாதார சேவைகளில் நடக்கும் மீறல்களைப் பார்ப்பதும் அவர் வேலைதான். கோர்ட்டுக்குப் போனால், உங்கள் பெயரை மறைத்து வழக்கு நடத்தும்படி கேட்க இந்தச் சட்டத்திலேயே இடமிருக்கிறது.

கை, கால், கண் போனால்...

அரசு வேலையில் இருப்பவர் பணிக்காலத்தில் ஊனமுற்றால் அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு இதைச் சொல்கிறது. அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். அப்படிப் பணியிடம் இல்லையென்றால், ஓய்வு வயது வரைக்கும் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும். பணியில் அடிபட்டுக் கால் எடுக்கப்பட்ட ஒரு கான்ஸ்டபிளை ஊனத்தைக் காட்டி அனுப்பிய வழக்கில், 2003-ல், அப்போதிருந்த 1995 சட்டத்தை வைத்தே சுப்ரீம் கோர்ட் அவருக்குப் பாதுகாப்புத் தந்தது. 'பென்ஷன் தருகிறோமே' என்று நிர்வாகம் சொன்னது எடுபடவில்லை.

அரசு பஸ் டிரைவர், மின்வாரிய ஊழியர் வீடுகளில் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். விருப்ப ஓய்வில் கையெழுத்து வாங்கிவிட்டால் இந்தப் பிரிவு கைகொடுப்பது கடினம்.

தனியார் கம்பெனிக்கு இந்த 20-வது பிரிவு கிடையாது. ஊனத்தைக் காட்டிப் பாகுபாடு கூடாது என்ற பொதுப் பிரிவு உண்டு, சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை நிறுவனம் வெளியிட வேண்டும் என்ற விதியும் உண்டு. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுக்கலாம். அரசு ஊழியருக்கு இருக்கும் கெட்டியான பாதுகாப்பு இது இல்லை, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதனால் தனியாரில் இருப்பவர்களுக்கு, டெர்மினேஷனுக்கு எதிரான சாதாரண தொழிலாளர் சட்டம்தான் பெரிய ஆயுதம்.

யாரிடம் போவது?

முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் ஒரு கடிதம். வாயால் பேசியதற்குக் கோர்ட்டில் மதிப்பில்லை. மேனேஜரோடு பேசிவிட்டு வந்த அன்று மாலையே, 'இன்று காலை நீங்கள் என்னிடம் இப்படிச் சொன்னீர்கள்' என்று மரியாதையாக ஒரு ஈமெயில் போட்டு வையுங்கள். அவர் மறுத்தால் மறுக்கட்டும், மறுக்காவிட்டால் அது உங்கள் சாட்சி.

அடுத்து மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகம். வேலையை விட்டு நீக்கப்பட்ட தொழிலாளி அங்கே சமரச அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். 45 நாளில் முடிவு வராவிட்டால் நேராகத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இப்போதைய சட்டப்படி நீக்கிய நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போய்விட வேண்டும். நிர்வாகப் பதவியில் இருப்பவர்களும், மேற்பார்வையாளராக மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களும் இந்த வழியில் வர முடியாது. மகப்பேறுக்கான 60 நாள் அப்பீல் தனி, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கடை, தனியார் ஆபீஸ் ஊழியர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 41-வது பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் அனுப்பக் கூடாது என்கிறது.

வழக்கு என்றால் வருஷக் கணக்கில் இழுக்கும். கைக்குழந்தையோடு, அல்லது உடம்பு முடியாத நிலையில் எல்லாராலும் அலைய முடியாது. சமரசப் பேச்சில் நியாயமான தொகை கிடைத்தால், வாங்கிக்கொண்டு வேறு வேலை தேடுவதில் தவறே இல்லை. ஆனால் அந்தத் தொகை, சட்டப்படி உங்களுக்கு வர வேண்டிய மகப்பேறு விடுப்புச் சம்பளம், பாக்கிச் சம்பளம், கிராஜுவிட்டி எல்லாம் போக அதற்கு மேல் இருக்க வேண்டும். உங்கள் பணத்தையே உங்களுக்குக் கொடுத்துவிட்டு 'செட்டில்மென்ட்' என்று சொல்லும் சாமர்த்தியசாலிகள் உண்டு.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து பேசாமல் இருந்துவிட வேண்டாம். பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. ஒவ்வொரு மாவட்டக் கோர்ட் வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கிறது. போனில் கேட்க 15100. போகும்போது நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டை நகல், வருகைப் பதிவு ஏதாவது இருந்தால் அது, ஸ்கேன் ரிப்போர்ட் அல்லது டாக்டர் சீட்டு, நீங்கள் எழுதிய கடிதங்களின் நகல், தபால் ரசீது எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள். சம்பளம் ரொக்கமாகத் தருகிற இடமென்றால் பேங்க் பாஸ்புக் உதவாது. கூட வேலை பார்த்த இரண்டு பேரின் பெயரையும் போன் நம்பரையும், வேலையில் இருக்கும்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.